பெட்டியில் பக்லவா; தட்டில் குல்குல்!

தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று எந்தப் பண்டிகை வந்தாலும் தங்கவயலில் பலகாரம் ஒரு வீட்டோடு நின்று விடுவதில்லை. தட்டில் வைத்து, மேலே ஒரு பூவேலைத் துணியைப் போட்டு மூடி, அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த வீட்டுப் பண்டிகைக்கு அங்கிருந்து ஒரு தட்டு இங்கே வரும். சாதி, மதம், மொழி பார்க்காமல் நடந்து வரும் வழக்கம் இது.

அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு புது விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிறது. பளபளக்கும் அட்டைப் பெட்டி. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு. பாதி பொன்னிறம், பாதி கரும்பழுப்பு. அதன் பெயர், சாக்லேட்டில் தோய்த்த பக்லவா.

விடியற்காலையில் ரெயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் ராபர்ட்சன்பேட்டை. கம்பெனியில் பண்டிகைப் பரிசாகக் கொடுத்த பெட்டி, வளைகுடா நாட்டில் இருந்து விடுமுறையில் வந்தவர் கொண்டு வந்த பெட்டி என்று ஏதோ ஒரு வழியில் அது வீட்டுக்குள் நுழைந்து விடுகிறது.

"இது என்ன பண்டம்? இத்தனை விலை கொடுக்கத் தகுமா? நாமும் வாங்கி நாலு பேருக்குக் கொடுக்கலாமா? அல்லது நாமே செய்து பார்க்கலாமா?"

பெட்டியைத் திறந்ததும் எழும் கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிரோட்டிக்குச் சொந்தம்

பக்லவா என்ற பெயர் புதிது. பண்டம் நமக்கு அத்தனை புதிது அல்ல.

கர்நாடகத்துக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சிரோட்டியைத் தெரியும். மெல்லியதாகத் தேய்த்த மாவுத் தாள்களின் இடையே நெய்யும் அரிசி மாவும் குழைத்துத் தடவி, அடுக்கிச் சுருட்டி, மறுபடியும் தேய்த்து நெய்யில் பொரிப்பார்கள். மேலே பொடித்த சர்க்கரை. அதன் மேல் பாதாம் பால். தமிழ்நாட்டுப் பேணியும் இதே இனம்தான்.

பக்லவாவும் அடுக்குப் பண்டமே. வேறுபாடு மூன்று. சிரோட்டியைப் பொரிக்கிறோம், பக்லவாவை அடுப்புக்குள் வைத்துச் சுடுகிறார்கள். சிரோட்டிக்கு நடுவில் பூரணம் கிடையாது. பக்லவாவில் பிஸ்தா, வால்நட், பாதாம், முந்திரி என்று ஏதாவது ஒரு பருப்பை உடைத்து நிரப்புகிறார்கள். சிரோட்டிக்குப் பொடிச் சர்க்கரை. பக்லவாவுக்குச் சர்க்கரைப் பாகு.

மாவுத் தாளின் மெல்லிசில்தான் செய்பவரின் கைத்திறன் தெரியும். நீளமான மெல்லிய கம்பால் தேய்த்துத் தேய்த்து, தாளுக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டு வருவார்கள். துருக்கியின் காசியன்டெப் நகரத்துக் கைதேர்ந்தவர்கள் ஒரு தட்டில் சுமார் 40 தாள்களை அடுக்குகிறார்கள்.

பாகில் எலுமிச்சம்பழச் சாறு சேர்ப்பதும் உண்டு. பாகு பூத்துப் போகாமல் இருக்க, பாதுஷா போடுகிற நம் ஊர்க் கைகள் செய்கிற அதே வேலை.

சுல்தான் அனுப்பிய தட்டு

பக்லவா யாருடைய கண்டுபிடிப்பு என்பதில் துருக்கியர், கிரேக்கர், அரபு நாட்டவர் இடையே இன்னும் வழக்குத் தீரவில்லை. ஆனால் அதைப் பெரிய பரிசாக்கியது ஆட்டோமன் சுல்தான்களின் அரண்மனை என்பதில் சந்தேகம் இல்லை.

இஸ்தான்புல் நகரின் டோப்காப்பி அரண்மனையில் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடந்தது. ரம்ஜான் மாதத்தின் 15-ம் நாள், சுல்தான் தன் காவல் படையான ஜானிசரி வீரர்களுக்குப் பக்லவா வழங்குவார். பத்து வீரர்களுக்கு ஒரு தட்டு என்பது கணக்கு. தட்டுகளைத் துணியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, தோளில் சுமந்தபடி வீரர்கள் படை வீட்டுக்கு அணிவகுத்துப் போவார்கள். தெருவோரம் நின்று மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 'பக்லவா ஊர்வலம்' என்றே அதற்குப் பெயர்.

இது வெறும் இனிப்பு விநியோகம் அல்ல. அந்தப் படையினர் தங்கள் மனதைச் சாப்பாட்டின் மூலம் காட்டியவர்கள். கோபம் வந்தால் சமையல் அண்டாவைக் கவிழ்த்துவிடுவார்கள். கலகம் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். சுல்தான் கொடுத்த உணவை ஏற்றுக்கொண்டால் விசுவாசம் இருக்கிறது; மறுத்தால் இல்லை. ஆகவே அந்தத் தட்டைக் கொடுப்பதும் பெரிய விஷயம். வாங்குவதும் பெரிய விஷயம்.

1826-ம் ஆண்டு சுல்தான் இரண்டாம் மகமூது அந்தப் படையையே ஒழித்தார். ஊர்வலமும் அதோடு நின்றது. உறவு முறிந்த பிறகு தட்டு ஏது?

பண்டம் மட்டும் பிழைத்துக் கொண்டது. காசியன்டெப் நகரத்து 'அன்டெப் பக்லவா'வுக்கு 2013-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும், தார்வாட் பேடாவுக்கும் இங்கே புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் போல.

சாக்லேட் எப்படி வந்தது?

பழைய பக்லவாவில் சாக்லேட் கிடையாது. அது இக்காலத்துச் சேர்க்கை.

பரிசாக அனுப்பும்போது பக்லவாவில் ஒரு தொல்லை உண்டு. பாகு கசியும். பெட்டி பிசுபிசுக்கும். தாள்கள் காற்றின் ஈரத்தை வாங்கி மொறுமொறுப்பை இழக்கும். துண்டின் அடியையோ, ஒரு பாதியையோ சாக்லேட்டில் தோய்த்து எடுத்தால், அது கெட்டியாகி ஒரு சட்டை போலப் பிடித்துக்கொள்கிறது. கையில் ஒட்டாது. பார்வைக்கும் அழகு. சாக்லேட்டின் இளங்கசப்பு, பாகின் தித்திப்பைக் கொஞ்சம் அடக்கியும் வைக்கிறது.

சாக்லேட்டுக்குக் கர்நாடகம் அன்னியம் அல்ல. தென் கன்னட மாவட்டத்துப் பாக்குத் தோட்டங்களில் கோக்கோ ஊடுபயிராக வளர்கிறது. பாக்கு, கோக்கோ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான 'காம்ப்கோ' 1973-ம் ஆண்டு மங்களூரில் தொடங்கப்பட்டது. அது புத்தூரில் நிறுவிய சாக்லேட் தொழிற்சாலை 1986-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் இந்த ஜோடியைப் பிரபலமாக்கியது துபாய். பிஸ்தா விழுதையும், நெய்யில் வறுத்த மெல்லிய சேமியா போன்ற மாவு இழையையும் உள்ளே வைத்த சாக்லேட் பாளம் 2021-ம் ஆண்டு அங்கே பிறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவியது. 2025-ல் உலகச் சந்தையில் பிஸ்தா விலை ஏறியதற்கு இந்த மோகமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அந்த அலையில்தான் சாக்லேட் பக்லவாவும் பெங்களூர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து அமர்ந்தது.

இன்னொரு செய்தி. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். வாயில் வைத்ததும் சாக்லேட் கரைவதற்கு அதுவே காரணம். வேலூர் வெயிலில் அது மேசை மேலேயே கரைந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் தங்கவயலில், மார்கழிக் குளிரில், பெட்டி பத்திரமாக இருக்கும்.

தங்கவயலின் தட்டு

இனி, நம் ஊர்த் தட்டுக்கு வருவோம்.

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்த பிறகு சுரங்கங்கள் பெருகின. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளில் இருந்து தமிழர்களும் தெலுங்கர்களும் வேலைக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் இருந்து பொறியாளர்கள் வந்தார்கள். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் குடியேறின. சுரங்கத்தைச் சுற்றி லைன் வீடுகளும் பங்களாக்களும் எழுந்தன. கடைவீதிக்கு ராபர்ட்சன்பேட்டை வளர்ந்தது.

பல சமையல் அறைகள் ஒன்றுக்கொன்று கற்றுக் கொடுத்த ஊர் இது. கிறிஸ்துமஸ் வந்தால் குல்குல்; ரோஸ் குக்கி; முந்திரிப் பருப்பில் செய்த மார்சிபான்; பழக் கேக்.

குல்குல் போர்த்துக்கீசியர் வழியாக வந்த பலகாரம். மைதா மாவைத் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, கோலிக் குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பின் மேலோ வைத்து அழுத்திச் சுருட்டினால், வரி வரியாகச் சிப்பி போல வரும். பொரித்து எடுத்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். பாகு காய்ந்ததும் வெள்ளைப் பூச்சாக நிற்கும். ஒரு ஆளால் முடிகிற வேலை அல்ல. பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை சுற்றி உட்கார்ந்து சுருட்ட வேண்டும்.

ரோஸ் குக்கி வேறொன்றும் இல்லை. நம் அச்சு முறுக்குதான். அதே இரும்பு அச்சு. அதே காய்ந்த எண்ணெய். மேசைக்கு மேசை பெயர் மட்டும் மாறும்.

கேக்குக்கு வீட்டில் ஓவன் கிடையாது. பழங்களை ஊற வைத்து, மாவைக் கலந்து, டின்களில் ஊற்றி, விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிக்கு எடுத்துச் செல்வார்கள். வெந்து முடியும்வரை வாசலில் காத்திருப்பார்கள். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் இந்த ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பல நூல்களாக எழுதியவர். தங்கவயல் வாழ்க்கை நினைவுகளையும் தனி நூலாகத் தந்திருக்கிறார்.

இப்படிச் செய்ததில் வீட்டுக்கு என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். மீதி தட்டுகளில் ஏறும். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் அனுப்பிய வீட்டுக்குக் குல்குல் போகும். குல்குல் அனுப்பிய வீட்டுக்கு ரம்ஜான் அன்று சேமியாப் பாயசம் வரும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டில் வேறு எதுவும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சுரங்கம் மூடிய பிறகு

நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை இந்த மண் கொடுத்தது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது.

அதற்கு முன்பே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. மூடிய பிறகு இளைஞர்கள் பெங்களூரை நம்ப வேண்டியதாயிற்று. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரெயில்களில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிறார்கள். வீட்டில் இருக்கும் நேரம் தூங்கவே போதவில்லை.

குல்குல் சுருட்டச் சுற்றி உட்கார ஆள் ஏது? நேரம் ஏது? பெட்டி வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான். ஆடம்பரத்துக்காக மட்டும் அதை வாங்குகிறார்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. நேரம் இல்லாதவர் காசைக் கொடுத்து மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

அதேசமயம், பெட்டியால் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. தின்று முடித்ததும் அது குப்பைக்குப் போகும். தட்டு அப்படி அல்ல. அதைத் திருப்பிக் கொடுக்க யாராவது ஒருவர் வாசல் ஏறியே ஆக வேண்டும். ஆள் குறைந்து கொண்டே போகும் ஊரில், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், அந்த வாசல் ஏறுதல்தான் பெரிய பரிசு.

வாங்குவதானால்...

பெட்டியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சிலவற்றைக் கவனித்து வாங்குங்கள்.

முதலில், லேபிளைப் படியுங்கள். 'கோக்கோ வெண்ணெய்' என்று இருந்தால் உண்மைச் சாக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்திருந்தால் அது 'காம்பவுண்ட்' என்னும் மலிவு ரகம். தின்னக் கூடாது என்பது இல்லை. உண்மைச் சாக்லேட்டின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பருப்பு எது என்று கேளுங்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் சந்தேகத்துக்கு உரியது. நிலக்கடலைக்குச் சாயம் ஏற்றிப் பிஸ்தா என்று விற்ற மோசடி வட நாட்டில் பிடிபட்டிருக்கிறது. பிஸ்தா கட்டுப்படியாகாவிட்டால் முந்திரியோ பாதாமோ போட்டதைத் துணிந்து வாங்கலாம். சுவையில் குறைவு இல்லை.

மூன்றாவது, தேதி. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும்' என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல் வந்த விதி. கேட்கத் தயங்க வேண்டாம்.

நான்காவது, வாங்கிக்கொள்பவரின் உடல்நிலை. பருப்பு வகை சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆகாத பண்டம்.

நல்ல பக்லவாவைக் கடித்தால் மேல் அடுக்கு 'சரக்' என்று உடைய வேண்டும். நெய் மணம் முதலில் வர வேண்டும். அடியில் பாகு குளம் கட்டி நிற்கக் கூடாது.

பிரிட்ஜில் வைக்காதீர்கள். ஈரம் பட்டுச் சாக்லேட்டின் மேல் வெள்ளை படியும். அடுக்குகளும் பதத்துப் போகும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும்.

வீட்டிலேயே செய்ய

குல்குல் சுருட்டிய கைக்குப் பக்லவா பெரிய வித்தை அல்ல.

தேவை: மைதா 250 கிராம். முந்திரியும் பாதாமும் சேர்ந்து 250 கிராம். நெய் 150 கிராம். சர்க்கரை 200 கிராம். சோளமாவு, ஏலக்காய், அரை மூடி எலுமிச்சம்பழம். சாக்லேட் 200 கிராம்.

மைதாவில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு தேக்கரண்டி நெய்யும் சேர்த்து, தண்ணீர் விட்டு மிருதுவாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். 16 உருண்டைகளாக்கிப் பூரி அளவு தேய்த்துக் கொள்ளுங்கள். நாலு பூரிகளை, இடையில் சோளமாவைத் தாராளமாகத் தூவி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கை மொத்தமாக மிக மெல்லியதாகத் தேயுங்கள். இப்படி நாலு அடுக்குகள்.

நெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் இரண்டு அடுக்குகளைப் பரப்பி, கொரகொரப்பாக உடைத்த பருப்பை ஏலக்காயுடன் தூவி, மீதி இரண்டு அடுக்குகளால் மூடுங்கள். சுடுவதற்கு முன்பே கூரிய கத்தியால் அடிவரை வில்லை போட்டுவிட வேண்டும். வெந்த பிறகு வெட்டினால் நொறுங்கும். மீதி நெய்யை உருக்கிச் சூடாக மேலே ஊற்றுங்கள்.

180 டிகிரி சூட்டில் 40 முதல் 45 நிமிடம் வரை, பொன்னிறமாகும்வரை சுட வேண்டும். வீட்டில் ஓவன் இல்லையா? அந்த நாளில் கேக் டின்னுடன் போனது போல, தெரிந்த பேக்கரியில் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரையை 120 மில்லி தண்ணீரில் கொதிக்க விட்டு, பிசுக்குப் பதம் வந்ததும் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்கி ஆற வையுங்கள். சூடான பக்லவாவின் மேல் ஆறிய பாகை ஊற்றுங்கள். 'சுர்' என்று சத்தம் வர வேண்டும். ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் துண்டுகளைக் கம்பி வலை மேல் வைத்துப் பாகு வடிய விடுங்கள். வடியாமல் தோய்த்தால் சாக்லேட் ஒட்டாது.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்துச் சாக்லேட்டை உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும், எச்சரிக்கை! துண்டுகளைப் பாதி தோய்த்து, பட்டர் பேப்பரில் வரிசையாக வையுங்கள். இறுகியதும் தட்டுக்குத் தயார்.

வீட்டில் இருந்தபடி நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் பெண்கள் இதைச் சிறு தொழிலாகவும் செய்யலாம். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு தொழில் செய்வோருக்கு எளிய பதிவு முறை உண்டு. பெங்களூர்க் கடைகளில் பக்லவாப் பெட்டி ஆயிரம் கிடைக்கும். குல்குல், ரோஸ் குக்கி, முந்திரி மார்சிபான், அவற்றோடு நாலு துண்டு சாக்லேட் பக்லவா என்று ஒரு 'தங்கவயல் தட்டு' அங்கே கிடைக்காது. அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இதுவே நேரம்.

இந்தப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்குப் பக்லவாப் பெட்டி வந்தால், அதிலிருந்து இரண்டு துண்டை எடுத்துத் தட்டில் வையுங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டு அதிரசமோ குல்குல்லோ இருக்கட்டும். துணி போட்டு மூடி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்டை உடனே திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவர்களே கொண்டு வந்து கொடுக்கட்டும்.